வன்மரம், மென்மரம், உக்கல் மரம்: கதிரவெளிக் காடும் உழைப்பின் வரலாறும்

மரங்களைப் பற்றி எழுதும்பொழுது இலக்கிய மாணாக்கராகிய நாம் பெரும்பாலும் பூவையும் நிழலையுமே கண்டு வந்துள்ளோம். திணைக்கு உரிய மரம் எது, தலைவி எதன் அடியில் நின்றாள், எந்தக் கடவுளுக்கு எது காவல்மரம் என்பன போன்ற வினாக்கள் நமக்குப் பழக்கமானவை. வெட்டி வீழ்த்தப்பட்டு, பட்டை உரிக்கப்பட்டு, வாளால் அறுக்கப்பட்டுக் கதவுநிலையாகவும் வள்ளமாகவும் உலக்கையாகவும் மாறும் பொருள் என்ற முறையில் மரத்தைப் பற்றி நாம் எண்ணியது மிகக் குறைவு. இது தற்செயலானதன்று. பூவைப் பாடியவர் வேறு; மரத்தை அறுத்தவர் வேறு. முன்னவரின் சொற்கள் ஏட்டில் ஏறின. பின்னவரின் அறிவு கையோடு கையாக வந்து, பெரும்பகுதி கையோடேயே போயிற்று.

இக்கட்டுரை மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையை அடுத்துள்ள கதிரவெளியையும் அதனைச் சூழ்ந்த காட்டையும் களமாகக் கொண்டு அவ்வறிவின் சில கூறுகளை வரலாற்று நிலையில் நோக்க முற்படுகின்றது. கோறளைப்பற்று வடக்கில், வாகரைக்கு வடக்கே, வெருகல் ஆற்றை நோக்கிச் செல்லும் கரையோரச் சாலையில் அமைந்த சிற்றூர் கதிரவெளி. ஒருபுறம் கடல், தெற்கே உப்பாற்றுக் களப்பு, மேற்கே வறள்வலயக் காடு. பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கல்லறைகள் காணப்பட்ட ஈழத்து இடங்களுள் இதுவும் ஒன்று. அப்பண்பாடு இரும்போடு சேர்ந்தது. இரும்புக் கோடரி காட்டினுள் நுழைந்த கதை இங்கு பழையது என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். வன்மரம், மென்மரம் என்ற பாகுபாடு நமது பாடநூல்களில் ஐரோப்பியத் தாவரவியல் வழியாக வந்தது. பூக்கும் இருவித்திலைத் தாவரங்களின் மரம் வன்மரம் என்றும், பைன் முதலான ஊசியிலைத் தாவரங்களின், அதாவது வித்துமூடியிலிகளின், மரம் மென்மரம் என்றும் அழைக்கப்படும். பெயர் குறிப்பதுபோல இது தொட்டுப் பார்த்துக் காணும் வன்மையைப் பற்றியதன்று. விளையாட்டு விமானம் செய்யப் பயன்படும் பால்சா, கையிற் பஞ்சுபோல் இருந்தும் வன்மரமே. ஐரோப்பாவில் வில் செய்யப் பயன்பட்ட யூ மரம் உறுதி வாய்ந்ததாயினும் மென்மரமே. வேறுபாடு உள்ளமைப்பிலே உள்ளது. வன்மரத்தில் நீரைக் கடத்தும் அகன்ற கலன்கள் உண்டு. குறுக்கே வெட்டி நோக்கின் அவை நுண்துளைகளாகத் தெரியும். மென்மரத்தில் அவை இல்லை. குழற்போலிகள் எனப்படும் நீண்டு ஒடுங்கிய கலங்களே நீரையும் கடத்தி மரத்தையும் தாங்குகின்றன.

இப்பாகுபாட்டை இலங்கைக் காட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு வேடிக்கை நிகழ்கின்றது. இத்தீவில் ஊசியிலை மரம் எதுவும் இயற்கையாக வளர்வதில்லை. மலைநாட்டிற் காணப்படும் பைன் தோட்டங்கள் நட்டு வளர்க்கப்பட்டவை. ஆகவே கதிரவெளிக் காட்டிலுள்ள மரம் அனைத்தும், இரும்பையொத்த பாலையும் நகம் பதியும் இலவும் ஒருங்கே, வன்மரம் என்ற ஒரே பெட்டகத்துள் அடங்கிவிடும். ஓரிடத்தின் இயற்கையிலிருந்தும் தேவையிலிருந்தும் பிறந்த வகுப்பு முறை, வேறோர் இடத்திலே தொழிலாளிக்கு எதனையும் சொல்லாத வெறும் பெயராகி விடுகின்றது.

தமிழ் மரபில் வேறோர் அளவுகோல் உண்டு. தொல்காப்பிய மரபியல் தாவரங்களை வகுக்கும்பொழுது காழ் எங்கே இருக்கின்றது என்று கேட்கின்றது. காழ் என்பது வைரம், உட்கடினம். உள்ளே காழ் கொண்டவற்றை மரம் என்றும், வெளியே காழ் கொண்டவற்றைப் புல் என்றும் அந்நூல் வகுக்கும். இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் மரமல்ல, புல். இன்றைய தாவரவியல் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று பிரிப்பதோடு இது பெரிதும் ஒத்துப்போவதைக் கண்டு நம்மவர் சிலர் பெருமிதம் கொள்வதுண்டு. பெருமிதத்தைவிட முக்கியமானது, இத்தகைய வகுப்பு எவ்வாறு பிறந்திருக்கும் என்ற வினா. பனையைப் பிளந்தவனுக்குத்தான் அதன் உறுதி வெளிவட்டத்திலே இருப்பதும் உட்பகுதி சோறாக இருப்பதும் தெரியும். கருங்காலியைத் தறித்தவனுக்குத்தான் வெளிறு கழிந்த பின்னர் கரிய வைரம் தோன்றுவது தெரியும். இலக்கண நூலார் அதனைக் கோடரி பிடித்தவரிடமிருந்தே பெற்றிருத்தல் வேண்டும். பின்வந்த நிகண்டுகள் உள்வைரமுடையதை ஆண்மரம் என்றும், புறவைரமுடையதைப் பெண்மரம் என்றும், வைரமற்றதை அலிமரம் என்றும் பெயரிட்டன. உற்பத்தி அனுபவத்திற் பிறந்த ஓர் உண்மை, ஏடு எழுதுவோரின் சமூக நோக்கிலே தோய்ந்து எவ்வாறு திரிகின்றது என்பதற்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இலங்கையின் தமிழ்மொழி மூல விஞ்ஞானப் பாடநூலாக்கத்தார் காழ் என்ற சொல்லை நீர் கடத்தும் இழையத்துக்கு வழங்கி அதற்குப் புத்துயிர் அளித்தனர். அது பாராட்டத்தக்க பணி.

தச்சரிடமும் கிழக்கில் ஓடாவி என அழைக்கப்படுவோரிடமும் வழங்கும் சொற்கள் இவற்றினும் நுண்மையானவை. வைரம், வெளிறு என்பன மரத்தின் பகுதிகள். உக்கல் என்பது ஈரத்தால் இற்றது. உளுத்தது என்பது வண்டு துளைத்தது. ஏட்டறிவுடையோர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவர். மரவேலை செய்பவர் எண்ணமாட்டார், ஏனெனில் பரிகாரம் வேறு. வெட்டிய மரத்தைக் குளத்திலோ களப்பிலோ மாதக்கணக்கில் அமிழ்த்தி வைக்கும் வழக்கம் வண்டுக்கு எதிரானது. வெளிற்றிலுள்ள மாப்பொருள் நீரிற் கரைந்து அகன்றால் வண்டுக்கு உணவில்லை. நீரில் முற்றாக மூழ்கிய மரம் உக்குவதுமில்லை. பங்கசு வாழக் காற்று வேண்டும். நன்கு உலர்ந்து, ஈரம் தன் நிறையில் ஐந்திலொரு பங்குக்குக் குறைந்துவிட்ட மரத்திலும் அது வாழாது. ஈரமும் காற்றும் சேர்ந்திருக்கும் இடைநிலையிலேதான் மரத்துக்கு ஆபத்து. மாரி மழையில் தரையிற் கிடக்கும் குற்றியின் நிலை அதுவே.

மரத்தின் வன்மையைச் சோதிப்பதையே சடங்காக்கிய சமூகம் மட்டக்களப்புச் சமூகம். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டை வி. சீ. கந்தையா தமது மட்டக்களப்புத் தமிழகம் (1964) என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். ஊர் கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமுமாகப் பிரிந்து, வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இழுக்கும். தோற்ற பக்கத்தார் வசைப்பாடல்களைக் கேட்டு நிற்க வேண்டும். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் இங்கு மழை வேண்டும் சடங்கையும் இருபாற் போட்டியையும் கண்டனர், அது சரியே. ஆயின் கொம்பு தேடிக் காட்டுக்குச் செல்பவரின் அறிவையும் காண வேண்டும். நாரோட்டம் வளைவைத் தொடர்ந்து செல்கின்றதா, இடையில் அறுபடுகின்றதா, வெளிறு எவ்வளவு என்று பார்த்துத் தெரிந்தெடுக்கும் அறிவு அது. பாடல்களைப் பதிவு செய்தோம். இவ்வறிவைப் பதிவு செய்தோமா?

கதிரவெளியைச் சூழ்ந்த வறள்வலயக் காட்டின் பெருமரங்கள் முதிரை, பாலை, கருங்காலி, சவண்டலை, வீரை என்பன. தமிழ்நாட்டு வாசகர் முதிரை என்ற சொல்லைக் கண்டால் துவரையையும் உழுந்தையும் நினைப்பர். பழந்தமிழில் அது பயற்றினப் பெயர். ஈழத்திலோ அது பொன்மஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற மினுக்கமும் கொண்ட மரத்தின் பெயர். பாலையும் அவ்வாறே. பாலைத் திணைக்குப் பெயர் தந்த மரம் எது என்று விவாதிப்போர், இங்கு அப்பெயரால் வழங்குவது கோடையில் இனிய பழம் தரும் பெருமரம் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று. தமிழ்நாட்டில் அதனை உலக்கைப்பாலை என்பர். பெயரே பயனைச் சொல்லுகின்றது. நன்கு காய்ந்த பாலையும் கருங்காலியும் நீரில் மூழ்குவன. சவண்டலை, திருகோணமலை மரம் என்ற வாணிகப் பெயருடன் சென்னைக்கு ஏற்றுமதியாகி, அங்கு அலை கடக்கும் மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டது. பேராதனையில் மகாவலியின் குறுக்கே 1833ஆம் ஆண்டளவில் 205 அடி நீளமான ஒற்றை வளைவாக அமைக்கப்பட்ட பாலம் முதிரை மரத்தாலானது. 1905இல் அது அகற்றப்படும்வரை கோப்பி யுகத்தின் வண்டிகளும் தேயிலை யுகத்தின் வண்டிகளும் அதன் மீதே சென்றன. மலைநாட்டுப் பெருந்தோட்டப் பொருளாதாரம் எதன் மீது ஏறி நடந்தது என்பதற்கு இஃது உருவகமன்று, நேரடிச் செய்தி.

எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலிலே, மட்டக்களப்பு, திருகோணமலைக் காடுகளில் முதிரையின் நிழலில் நாட்கணக்காகக் குதிரையிற் சென்றதை வியந்து கூறுகிறார். அதே நூலில், மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையோர வேடர் பற்றியும் சில வரிகள் உள்ளன. அவர்கள் மீனவருக்கு உதவியும், ஆற்றுவழியாகக் கடலுக்கு மிதக்கவிடப்படும் மரங்களைத் தறித்துக் கொடுத்தும் வாழ்ந்தனர் என்கிறார். இவ்விரு செய்திகளும் நூலில் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. ஒன்று இயற்கை வருணனை. மற்றது இனவியற் குறிப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே நமது கடமை. அந்த நிழலைத் தறித்து ஆற்றில் விட்டவர் யார் என்பது அப்பொழுதுதான் புலப்படும். இக்கரையோரத்திற் கடலை அடையும் ஆறுகளுட் பெரியது வெருகல். மூழ்கும் மரத்தை மிதக்கவிடுவது எளிதன்று. இலேசான மரங்களோடு பிணைத்தாலன்றிக் கருங்காலி ஆற்றின் அடியிலேயே தங்கிவிடும். எந்த மரத்தோடு எந்த மரத்தைக் கட்டுவது என்ற அறிவு அவ்வேடரிடமே இருந்திருத்தல் வேண்டும். ரெனன்றுக்கு அது குறிப்பிடத்தக்கதாகத் தோன்றவில்லை.

வாகரைப் பகுதியின் தமிழ் பேசும் வேடரைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளிவந்த தம் நூலிற் கரையோர வேடர் எனத் தனியே நோக்கினர். தூய வேடரைத் தேடிச் சென்ற ஆய்வாளருக்கு, தமிழ் பேசி, மீன்பிடித்து வாழ்ந்த இவர்கள் சற்று ஏமாற்றமாகவே இருந்தனர் போலும். ஒரு மக்கட் கூட்டம் கூலி உழைப்புக்குள் இழுக்கப்பட்டதனால் மாறியிருப்பதைக் கலப்பு எனக் காணும் பார்வையின் குறை அது.

இனி, மரம் யாருக்குரியது என்ற வினாவுக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், எதிர்மாறு நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் என்று அனுமானித்தது. மலைநாட்டிற் கோப்பிக்கு நிலம் திரட்டுவதற்கு அது எவ்வாறு பயன்பட்டது என்பது பலரால் எழுதப்பட்டுள்ளது. அதே அனுமானம் கிழக்குக் காட்டின் மீது விழுந்த விதம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இங்கு கோப்பி இல்லை. காடே பண்டமாக இருந்தது. 1882இல் வின்சென்ற் இலங்கை வன நிருவாகம் பற்றி அறிக்கை அளித்தார். 1885இலும் 1907இலும் வனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒதுக்கக் காடு, அனுமதிப்பத்திரம், குற்றப்பணம் என்னும் சொற்கள் கிராமத்துக்குள் வந்தன. காட்டுப்பொருள் என்ற சட்டப் பெயருள் மரம் மட்டுமன்றித் தேனும் மெழுகும்கூட அடங்கின. வேடன் எடுத்த தேன், சட்டத்தின் கண்ணில், அரசிடமிருந்து எடுத்த தேனாயிற்று.

இலங்கைச் சட்டம் பிறந்து இரண்டாண்டுகளில், 1842 ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில், கொலோன் நகரில் வெளிவந்த ரைனிஷ் சைற்றுங் பத்திரிகையில் இருபத்துநான்கு வயதான கார்ல் மார்க்ஸ் விறகுத் திருட்டுச் சட்ட விவாதம் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். ரைன் மாகாணச் சபை, காட்டில் வீழ்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதையும் திருட்டாக்க முற்பட்டிருந்தது. நிற்கும் மரத்தை வெட்டுவதும் வீழ்ந்த கொம்பைப் பொறுக்குவதும் ஒன்றல்ல. வீழ்ந்தது மரத்திலிருந்து ஏற்கெனவே பிரிந்துவிட்டது. மரத்தின் உடைமையாளனுக்கு அதன்மேல் உரிமை தொடர்வதில்லை. ஏழையரின் வழக்காற்று உரிமை அங்கேதான் நிற்கின்றது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பொருளியல் வினாக்களை நோக்கித் தம்மை முதலில் உந்தியவற்றுள் இவ்விவாதமும் ஒன்று என்று 1859ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் அவரே எழுதினார். ரெனன்றின் நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது என்பது ஒரு தற்செயல். ரைன் மாகாணத்து ஏழைக்கும் வாகரை வேடனுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டென்பதையும் மறத்தலாகாது. முன்னவனை எதிர்கொண்டவர் தனிப்பட்ட காட்டு உடைமையாளர். பின்னவனை எதிர்கொண்டது அரசே நிலக்கிழாராகிய குடியேற்ற ஆட்சி. அவ்வுரிமை 1948க்குப் பின்னர் சுதந்திர அரசுக்கு அப்படியே கைமாறியது. 1968இல் அமைக்கப்பட்ட அரச மரக் கூட்டுத்தாபனம் தனியார் குத்தகைக்காரரின் கொள்ளையைக் கட்டுப்படுத்த உதவியது என்பதை ஏற்கத்தான் வேண்டும். எனினும் காட்டோரக் கிராமத்தவன் அதன் கூலியாள் ஆனானேயன்றிப் பங்காளி ஆகவில்லை.

மென்மரத்தின் கதை இதன் மறுபக்கம். வன்மரம் நிறைந்த இத்தீவு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தேயிலைப் பெட்டிக்காக யப்பானிலிருந்து மோமி என்னும் ஊசியிலை மரத்தை இறக்குமதி செய்தது. மணமற்ற, இலேசான, ஆணி ஏற்கும் பலகை பெட்டிக்கு வேண்டியிருந்தது. முதிரையும் கருங்காலியும் தளபாடமாக வெளியே போயின. பெட்டிப் பலகை உள்ளே வந்தது. கதிரவெளிக்குத் தெற்கே, 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலையும் இதே முடிச்சைச் சந்தித்தது. வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு நாட்டுக்குரிய கைத்தொழிலாக அது தோன்றியது வரவேற்கத்தக்கதே. ஆனால் வைக்கோலின் நார் குறுகியது. காகிதத்துக்கு இழுவலிமை தரும் நீண்ட நாரை, ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள மென்மரக் குழற்போலிகளே தரவல்லன. எனவே வெளிநாட்டு மென்மரக் கூழைக் கலக்க வேண்டியிருந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியின் சுமை, ஒரு நாரின் நீளத்தினூடாகவும் கிழக்கிலங்கைத் தொழிலாளியைத் தொட்டது.

மூன்றாவது வகை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டுக் கைவினைஞரிடையே பெருமதிப்புப் பெற்ற, கோலம் படிந்த உக்கல் மரம். இதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. வீழ்ந்த மரத்தின் வெளிற்றில் பங்கசு புகுந்து, மரம் வலுவிழக்குமுன் உலர்த்தப்பட்டால், அதில் மூவகை மாற்றம் தெரியும். இலிக்னினை உண்ணும் வெண்ணுக்கற் பங்கசு மரத்தை வெளிறச் செய்யும். சில பங்கசுகள் நீலமோ பச்சையோ நிறம் ஏற்றும். ஒரே குற்றியிற் குடியேறிய வெவ்வேறு பங்கசுக் கூட்டங்கள் தத்தம் எல்லையில் மையாற் கீறியதுபோன்ற கரிய கோடுகளை எழுப்பும். அவை ஒன்றையொன்று தடுக்கும் வேலிகள். செலுலோசை உண்டு மரத்தைக் கபிலக் கட்டிகளாக உதிரச் செய்யும் பங்கசுகள் வேறு. அவை பெரும்பாலும் மென்மரத்தை நாடுவன. அவற்றால் அழகு பிறப்பதில்லை. இங்குதான் வன்மரம், மென்மரம் என்ற பாகுபாடு உண்மையிற் பொருள் பெறுகின்றது. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் பதிமர வேலை செய்தோர், பங்கசாற் பச்சையான மரத்துண்டுகளைத் தேடி எடுத்து இலைக்கும் புல்லுக்கும் பயன்படுத்தினர். மாமரம் போன்ற வெளிறு மிகுந்த மரங்கள் இதற்கு உகந்தன. பாலையின் வைரமும் கருங்காலியின் வைரமும் பங்கசை எளிதில் உள்ளே விடா. அவற்றிலுள்ள இயற்கைப் பொருள்கள் அதனைத் தடுக்கும்.

இம்மரத்தை ஓடாவி கழித்துவிடுவார். மேனாட்டுச் சந்தையிலோ ஒரு கிண்ணத்துக்கான துண்டே விலைபோகும். பயன்மதிப்பு எது, பரிமாற்றமதிப்பு எது என்று விளக்க ஆசிரியர்கள் உதாரணம் தேடுவதுண்டு, இதனைத் தரலாம். கழிப்பவர் அறியாமையாற் கழிக்கின்றார் என்று எண்ணுதல் தவறு. கதவுநிலைக்கும் ஏருக்கும் வலிமை வேண்டும். கோடு வேண்டியதில்லை.

1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களைப் பெரும்பாலும் வீழ்த்தியது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மரம் மலிந்து கிடந்தும் கூரைக்கு மரமில்லாத விந்தை அப்பொழுது நேர்ந்தது. தென்னை புறக்காழ் உடையது. வெளிவட்டம் தவிர்ந்த பகுதி ஈரத்தில் விரைந்து உக்கும். தரையிற் கிடந்த தென்னைகளை அம்மாரி காத்திருக்கவில்லை. பின்னர் வந்தவை போர்க்காலம், 2004இன் ஆழிப்பேரலை, 2006 நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தோர் மீது வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற எறிகணைகள். அக்காலத்திற் காட்டுக்குட் சென்றவனுக்கு ஒரு தரப்பின் அனுமதி மறுதரப்பின் குற்றச்சாட்டாயிற்று. மீளக் குடியமர்ந்தவர் வீடு கட்ட மரம் தேடியபொழுது, பழைய சட்டம் பழைய இடத்திலேயே இருந்தது.

இப்பகுதிக்கு அண்மையில், ஓர் அரச அலுவலக வளவில், அனுமதிப்பத்திரமின்றிக் கொண்டுசெல்லப்பட்டதாகக் கைப்பற்றப்பட்ட குற்றிகள் வழக்கு முடிவுக்காகக் கிடப்பதைக் கண்டேன். இரண்டு மாரி கடந்திருந்தன. அறுபட்ட முகங்களில், வெளிற்று வட்டத்தில், கரிய கோடுகள் தெளிவாக ஓடின. என்னுடன் வந்திருந்த முதிய ஓடாவி ஒருவர் குனிந்து, தம் வாச்சியின் பின்புறத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். முதிரைக் குற்றி ஒன்றில் நின்றார்.

"வெளிறுதான் போயிருக்கு தம்பி. வைரம் அப்பிடியே கிடக்கு. இன்னும் ஒரு மாரி தாங்கும். எடுத்துக் குடுத்தா ரெண்டு கதவுநிலை வரும்."

யாருடைய மரம் என்று கேட்டேன். பிடிபட்டவரின் ஊரைச் சொன்னார், பெயரைச் சொல்லவில்லை. அவருடைய வீட்டுக்கு இன்னும் கதவு இல்லை என்றார்.